அடையாற்று அலமாரி

சென்னையில் பேய்ப் பேச்சு எழுந்தால் அது ஆழ்வார்ப்பேட்டை டிமாண்டி காலனியில்தான் போய் நிற்கும். 2015-இல் வந்த திரைப்படம் அந்தப் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது. ஆனால் அமானுஷ்யத்தைப் பற்றிய விசாரணை என்று பார்த்தால், இந்த நகரத்தின் மிகப் பெரிய வழக்கு அங்கே நடக்கவில்லை. சற்றுத் தெற்கே, அடையாறு ஆற்றங்கரையில், சுவரில் பொருத்திய ஒரு மர அலமாரியைச் சுற்றி நடந்தது. லண்டனிலிருந்து ஒரு சங்கம் தன் ஆளைக் கடல் கடந்து அனுப்பி, மூன்று மாதம் இங்கே தங்கவைத்து, சாட்சிகளைத் தனித்தனியாக விசாரித்து, இருநூறு பக்கத்துக்கு அறிக்கை வெளியிட்டது. 1885-இல் வந்த அந்த அறிக்கையைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயாததற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால், அமானுஷ்யத்தை எப்படி விசாரிக்க வேண்டும், எப்படி விசாரிக்கக் கூடாது என்ற இரண்டுமே விளங்கிவிடும் என்று நான் நினைக்கிறேன்.

ரஷ்யப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த ஹெலினா பிளவாட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும் 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். 1879-இல் பம்பாய்க்கு வந்தவர்கள், 1882 டிசம்பரில் அடையாற்றின் தென்கரையில் இருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடியேறினார்கள். இன்று பெரிய ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நுழைவது அந்தத் தோட்டத்தில்தான். மாடியில் அம்மையாரின் படுக்கையறைக்கு அடுத்ததாக ஒரு பூசையறை மாதிரியான அறை இருந்தது. இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் அந்த அலமாரி. உள்ளே, இமயத்துக்கு அப்பால் வாழ்வதாகச் சொல்லப்பட்ட இரண்டு மகாத்மாக்களின் படங்கள். அவர்களுக்குக் கேள்வி எழுதி உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவார்கள். திறந்து பார்த்தால் பதில் கடிதம் இருக்கும். சில கடிதங்கள் கூரையிலிருந்து விழும். கூட் ஹூமி, மோரியா என்ற அந்த இரு மகாத்மாக்களின் கையெழுத்தில் வந்த கடிதங்களை வக்கீல்களும் நீதிபதிகளும் ஆங்கிலேய அதிகாரிகளும் பயபக்தியோடு பாதுகாத்தார்கள்.

இவர்களை ஏமாளிகள் என்று ஒரு வரியில் ஒதுக்குவது நியாயமில்லை. சுப்பா ராவ் போன்ற கூர்மையான சென்னை வழக்கறிஞர் அந்த வட்டத்தில் இருந்தார். பிற்காலத்தில் காங்கிரசைத் தொடங்க முன்னின்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம் சில காலம் இருந்தார். ஆல்காட் 1894-இல் ஊரூரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மிஷனரிகளும் அரசு அதிகாரிகளும் இந்தியரின் சமயத்தை மட்டம்தட்டிக்கொண்டிருந்த நாளில், ஒரு வெள்ளைக்கார அம்மையார் வந்து உங்கள் முன்னோர் சொன்னதுதான் உயர்ந்தது என்றார். அதைக் கேட்டவர்களின் மனம் எப்படி நிமிர்ந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அலமாரிக் கடிதங்களின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கையில் பாதி விளங்கிவிடும். அந்த நம்பிக்கையின் வேர் அலமாரியில் இல்லை.

வீட்டு நிர்வாகம் எம்மா கூலோம் என்ற பெண்ணின் கையில் இருந்தது. கெய்ரோவில் அம்மையாருக்கு 1870-களின் தொடக்கத்திலேயே பழக்கமானவர். பிறகு நொடித்துப் போய், கணவரோடு இலங்கை வழியாக வந்து சபையில் தஞ்சம் புகுந்தவர். கணவர் அலெக்சிஸ் தச்சு வேலை தெரிந்தவர். 1884 தொடக்கத்தில் அம்மையாரும் ஆல்காட்டும் ஐரோப்பா புறப்பட்டதும், எம்மாவுக்கும் சபை நிர்வாகிகளுக்கும் மோதல் முற்றி, மே மாதத்தில் தம்பதியர் வெளியேற்றப்பட்டார்கள். போகுமுன் அலெக்சிஸ் மாடியறைகளைத் திறந்து காட்டினார். நகரும் பலகைகள், சுவரில் ஓட்டை, படுக்கையறைப் பக்கமிருந்து அலமாரியின் முதுகை எட்டும் வழி. இவையெல்லாம் அம்மையார் சொல்லி நான் செய்தவை என்றார் அவர். எங்கள் தலைவி ஊரில் இல்லாதபோது அவரைக் கெடுக்க நீ புதிதாகச் செய்தவை, பலகை இன்னும் வழுக்கிக்கூட நகரவில்லை என்றார்கள் சபையார்.

செப்டம்பரில் வெடித்தது. அப்போது எஸ்பிளனேடில் இருந்த கிறிஸ்தவக் கல்லூரியின் மாத இதழ், அம்மையார் எம்மாவுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை அச்சிட்டது. எந்தக் கடிதத்தை எப்போது எங்கே 'தோன்ற' வைக்க வேண்டும் என்ற கட்டளைகள் அவற்றில் இருந்தன. அம்மையார் அவை போலி என்றார். டிசம்பரில் அவர் சென்னை திரும்பியபோது மாணவர்கள் திரளாக வரவேற்றார்கள், கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்கள் உட்பட. வழக்குத் தொடர்ந்து தன் பெயரைக் காப்பாற்ற அவர் விரும்பினார். சபையின் குழு வேண்டாமென்றது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடந்திருந்தால் இன்று நமக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

அம்மையாருக்கு மூன்று நாள் முன்பாக, டிசம்பர் 18 அன்று அடையாற்றில் வந்து இறங்கினார் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன். வயது 29. மெல்போர்னில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். 1882-இல் லண்டனில் தொடங்கிய சைக்கிகல் ரிசர்ச் சொசைட்டி அவரை அனுப்பியது. செலவைக் கொடுத்தவர் அதன் தலைவரும் கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியருமான ஹென்றி சிட்ஜ்விக். இந்தச் சொசைட்டி நாத்திகர் கூட்டமல்ல. இறந்தபின் மனிதருக்கு என்ன ஆகிறது, மனத்திலிருந்து மனத்துக்கு எண்ணம் தாவுமா என்ற கேள்விகளை ஆய்வுக்கூட ஒழுங்கோடு அணுக விரும்பியவர்கள் அவர்கள். ஹாட்ஜ்சனும் அம்மையாரின் மேல் நல்லெண்ணத்தோடுதான் கப்பல் ஏறினார்.

அவர் முதலில் பார்க்க விரும்பியது அலமாரியை. அது இல்லை. செப்டம்பரில் இதழ் வெளிவந்த கையோடு, சபையைச் சேர்ந்த சிலர் அதைச் சுவரிலிருந்து கழற்றி எரித்துவிட்டிருந்தார்கள். சுவரின் ஓட்டையும் அதற்கு முன்பே பூசி அடைக்கப்பட்டிருந்தது. மாசுபட்ட புனிதப் பொருளை நெருப்பில் இடுவது பக்தர்களுக்கு இயல்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஓட்டை பழையதா புதியதா, பலகையின் விளிம்பு தேய்ந்திருந்ததா, ஆணிகள் துருப்பிடித்திருந்தனவா என்பதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த மரம்தான். அம்மையார் குற்றமற்றவர் என்றால் அவரை விடுவித்திருக்கக் கூடியதும் அதுவே. அதை எரித்தவர்கள் அவருடைய ஆதரவாளர்கள்.

அலமாரி போனபின் ஹாட்ஜ்சனுக்கு மிஞ்சியவை மனிதரின் வாய்மொழியும் காகிதமும். வாய்மொழியை அவர் எப்படிச் சோதித்தார் என்பதற்குத் தட்டுச் சம்பவம் நல்ல உதாரணம். 1883 ஆகஸ்டில் ஜெனரல் மார்கன் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி அலமாரியைப் பார்க்க வந்தார். எம்மா கதவைத் திறந்தபோது உள்ளே சாய்த்து வைத்திருந்த பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சில நிமிடம் கழித்துத் திறந்தால் தட்டு முழுசாக இருந்தது, கூடவே மகாத்மாவின் குறிப்பு ஒன்றும். மார்கன் இதை உறுதியாக நம்பினார், எழுதியும் கொடுத்தார். ஹாட்ஜ்சன் நேரே பாப்பம்ஸ் பிராட்வேயில் இருந்த பீங்கான் கடைக்குப் போனார். அந்த ஜூலையில் எம்மா அதே மாதிரியான தட்டு இரண்டை அங்கே வாங்கியிருந்தது கடைக் கணக்கில் தெரிந்தது. தத்துவம் படித்த ஒரு கேம்பிரிட்ஜ் ஆள், மகாத்மாவைத் தேடி பிராட்வே கடையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியதை நான் பெரிதும் மதிக்கிறேன். மற்றவர்கள் இமயத்தின் ஆற்றல் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தபோது, எத்தனை தட்டு விற்றது என்று கேட்டவர் அவர்.

1885 டிசம்பரில் அறிக்கை வெளிவந்தது. கூலோம் கடிதங்கள் உண்மையானவை, மகாத்மா கடிதங்களில் பெரும்பகுதி அம்மையார் கைப்பட எழுதியவை, அதிசயங்கள் எல்லாம் ஏற்பாடு செய்தவை என்பது முடிவு. சொசைட்டியின் குழு அதை ஏற்று, வரலாற்றிலேயே மிகத் திறமையான ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்ற பொருளில் அம்மையாரைப் பற்றி எழுதியது. அவர் அந்த மார்ச் மாதக் கடைசியிலேயே நோயோடு சென்னையை விட்டுப் புறப்பட்டிருந்தார். பிறகு இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. 1891-இல் லண்டனில் இறந்தார்.

அறிக்கையை இன்று வாசித்தால் அதன் வலிமையும் ஓட்டைகளும் அருகருகே தெரிகின்றன. ஹாட்ஜ்சன் பெரிதாகச் சார்ந்திருந்தது கூலோம் தம்பதியரை. அவர்களே ஏமாற்றுக்குத் துணை போனோம் என்று ஒப்புக்கொண்டவர்கள், பகையோடு வெளியேறியவர்கள், கடிதங்களுக்குப் பணமும் பெற்றவர்கள். அவர்கள் சொன்னதில் தனக்குச் சாதகமானதை எடுத்துக்கொண்டு, எதிர்ச்சாட்சிகள் சொன்னதை நம்பத்தகாதது என்று ஒதுக்கிய இடங்கள் உண்டு. கையெழுத்தைச் சோதிக்க லண்டன் நிபுணர் நெதர்கிளிஃப்டிடம் கொடுத்தபோது, அவர் முதலில் இது அம்மையார் எழுத்தல்ல என்றார். பிறகு கூடுதல் மாதிரிகளைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொண்டார். ஜெர்மனியில் இன்னொரு நிபுணர் நேர்மாறாகச் சொன்னார். அந்நாளில் கையெழுத்து ஒப்பீட்டுக்கு அளவுகோலே கிடையாது. ஒரு நிபுணர் நூறு முறை சொன்னால் எத்தனை முறை தவறுவார் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் பலவீனமானது அவர் கண்டுபிடித்த நோக்கம். இத்தனை பாடுபட்டு ஒரு பெண் ஏன் ஏமாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு, அவர் ரஷ்ய அரசின் ஒற்றர் என்று ஹாட்ஜ்சன் பதில் சொன்னார். 1885 மார்ச் கடைசியில்தான் ஆப்கான் எல்லையில் பஞ்ச்தே என்ற இடத்தை ரஷ்யப் படை பிடித்தது. பிரிட்டனும் ரஷ்யாவும் போருக்கு அருகே வந்து நின்றன. அந்தச் சமயத்தில் ஒரு பிரிட்டிஷ் குடிமகனுக்கு ரஷ்யப் பெயர் கொண்ட எவரும் ஒற்றராகத் தெரிவது வியப்பல்ல. மகாத்மாக்களை நம்ப மறுத்தவர், தன்னைச் சுற்றியிருந்த அச்சத்தை ஆதாரமில்லாமலே நம்பிவிட்டார்.

நூறாண்டு கழித்து இதை எடுத்து ஆராய்ந்தவர் வெர்னன் ஹாரிசன். கரன்சி நோட்டு அச்சிடும் தாமஸ் டி லா ரூ நிறுவனத்தில் ஆராய்ச்சி மேலாளராக இருந்தவர், போலி ஆவணங்களைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்தவர். அவரும் அதே லண்டன் சொசைட்டியின் நெடுநாள் உறுப்பினர், பிரம்மஞான சபையில் சேராதவர். 1986-இல் சொசைட்டியின் சொந்த இதழிலேயே அவருடைய கட்டுரை வந்தது. ஹாட்ஜ்சன் விசாரணை அதிகாரியாக நடக்காமல் அரசுத் தரப்பு வக்கீலைப் போல நடந்துகொண்டார், ஊகங்களை உண்மைகளாக எழுதினார் என்று குற்றம் சாட்டினார். 1997-இல் வெளியிட்ட நூலில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மகாத்மா கடிதங்களின் 1,323 சிலைடுகளைப் பார்த்துவிட்டு, அவை அம்மையாரின் சாதாரணக் கையெழுத்தில் எழுதப்பட்டவை என்பதற்குச் சான்று காணவில்லை என்று எழுதினார். அப்படியானால் அம்மையார் குற்றமற்றவரா? அதுவும் இதிலிருந்து வராது. வழக்கின் உயிர்நாடியான கூலோம் கடிதங்களின் மூலங்கள் எங்கே போயின என்று தெரியாததால் ஹாரிசனாலும் அவற்றைத் தொட முடியவில்லை. மகாத்மா கடிதங்கள் மட்டும் 1939 முதல் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் மையையும் காகிதத்தையும் பற்றிக் கேள்வி எழுப்பலாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அலமாரி அதிசயங்கள் மனிதர் செய்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பூட்டிய அறை, பொதுச்சுவர், தச்சுத் தெரிந்த ஆள், கடையில் வாங்கிய இரட்டைத் தட்டு எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. ஆனால் யார் எவ்வளவு செய்தார், அம்மையாருக்கு எத்தனை தெரியும், எம்மா எத்தனையைச் சேர்த்துச் சொன்னார் என்பதை ஹாட்ஜ்சன் நிரூபித்துவிட்டதாக நான் ஏற்கவில்லை. முடிவு சரியாக இருப்பதும் அதற்குப் போன வழி சரியாக இருப்பதும் வேறுவேறு. ஐயவாதிகள் இந்த அறிக்கையை வெற்றிக்கொடியாக ஏந்தும்போது நான் சங்கடப்படுவது இதனால்தான்.

ஹாட்ஜ்சன் இந்தியாவிலிருந்து கொண்டுபோனவற்றில் அறிவியலுக்கு மிகவும் பயன்பட்டது வேறொன்று. இங்கே ஒரு செப்படி வித்தைக்காரர் தரையில் வைத்த காசுகளைத் துள்ளவைத்ததை அவர் பார்த்தார். கூட நின்ற ஆங்கில அதிகாரி ஒருவர் பிறகு அதைப் பிறரிடம் விவரித்தபோது, தன் காசைத் தானே தரையில் வைத்ததாகவும் வித்தைக்காரர் அதைத் தொடவே இல்லை என்றும் அடித்துச் சொன்னார். வித்தைக்காரர் குனிந்து காசைக் கையாண்டதை ஹாட்ஜ்சன் கண்ணால் கண்டிருந்தார். அதிகாரி பொய் சொல்லவில்லை. வியப்பான நொடிக்கு முந்திய சாதாரண அசைவு அவருடைய நினைவில் பதியவே இல்லை. கண்கட்டு வித்தை தெரிந்தவர்களுக்கு இது பழைய சங்கதி. 1830-ஐ ஒட்டி இதே சென்னையில் சேஷால் என்றொருவர், ஒரு கையை மூங்கில் கோலின் மேல் ஊன்றியபடி அந்தரத்தில் அமர்ந்து காட்டியது லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. கோலுக்குள் இரும்புத் தண்டு மறைந்திருக்கும். அதைப் பொருத்தும்வரை திரை போட்டிருப்பார்கள். பார்த்தவர்கள் அந்தரத்தில் இருந்ததைச் சொன்னார்கள், திரை போட்டதைச் சொல்ல மறந்தார்கள்.

இந்த மறதியை ஹாட்ஜ்சன் பரிசோதனையாக மாற்றினார். எஸ். ஜே. டேவி என்ற இளைஞர், ஆவிகள் பலகையில் எழுதும் என்று ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர்கள் காட்டிய வித்தையைத் தானே கற்று, பல பேருக்கு நிகழ்த்திக் காட்டினார். பார்த்தவர்களிடம் நடந்ததை விரிவாக எழுதித்தரச் சொன்னார்கள். உண்மையில் நடந்ததோடு அந்த எழுத்தை ஒப்பிட்டு இருவரும் 1887-இல் வெளியிட்டார்கள். படித்த, நேர்மையான, கவனமாக எழுதிய மனிதர்கள் முக்கியமான அசைவுகளை விட்டுவிட்டார்கள், முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்தார்கள், நடக்காத சோதனைகளை நடந்ததாக எழுதினார்கள். பலகையைக் கண்ணைவிட்டு அகற்றவே இல்லை என்று எழுதியவர்கள் அதை அகற்றியிருந்தார்கள். நேரில் கண்ட சாட்சியின் நினைவு பற்றிய உளவியல் ஆய்வுகள் பெருகியது அடுத்த நூற்றாண்டில்தான். அதற்குமுன் அந்த வாசலைத் திறந்த ஆய்வுகளில் இது ஒன்று.

இதில் ஒரு துயரமான திருப்பம் உண்டு. இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து கண்டுசொன்ன ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், டேவியின் விளக்கத்தை ஏற்கவில்லை. இவையெல்லாம் தந்திரம் என்று டேவியே சொன்னபின்னும், டேவிக்கு உண்மையான ஆவி ஆற்றல் இருக்கிறது என்றே எழுதினார். உயிரியலில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த உற்றுநோக்காளர்களில் ஒருவர் அவர். வண்டுகளை நோக்கும் கண் வித்தைக்காரரை நோக்க உதவவில்லை, ஏனென்றால் வண்டு நம் கவனத்தைத் திட்டமிட்டுத் திருப்புவதில்லை. 2005-இல் ரிச்சர்ட் வைஸ்மனும் எமா கிரீனிங்கும் செய்த சோதனையில், வித்தைக்காரர் வளைத்து மேசைமேல் வைத்த சாவியைக் காட்டி, 'இன்னும் வளைந்துகொண்டிருக்கிறது' என்று சொன்னபோது, பார்த்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் அது வளைந்துகொண்டே இருந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். சாவி அசையவில்லை. அசைந்ததெல்லாம் சொல்தான். மார்கன் தட்டு எவ்வளவு நேரம் அலமாரியில் இருந்தது என்று சொன்னதையும், கதவருகே யார் நின்றார் என்று சொன்னதையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். கூலோம் தம்பதியர் சொன்னதையும் அப்படியே.

ஹாட்ஜ்சனின் பிற்கால வாழ்க்கை இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்குகிறது. 1887-இல் அவர் பாஸ்டனுக்குப் போனார். அங்கே லியோனோரா பைப்பர் என்ற பெண் மயக்கநிலையில் இறந்தவர்களின் செய்திகளைச் சொல்வதாகப் புகழ் பெற்றிருந்தார். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அவரை ஏற்கெனவே கவனித்துவந்தார். ஹாட்ஜ்சன் துப்பறிவாளர்களை அமர்த்திப் பைப்பர் குடும்பத்தைப் பின்தொடர வைத்தார், அவர் எங்காவது செய்தி சேகரிக்கிறாரா என்று பார்க்க. எதுவும் அகப்படவில்லை. பல ஆண்டுக்குப் பிறகு, இறந்துபோன தன் நண்பர் ஜார்ஜ் பெல்லூவின் குரல் பைப்பர் வழியாக வருவதாக ஹாட்ஜ்சன் நம்பினார், அதை எழுத்திலும் அறிவித்தார். பிராட்வே கடைக் கணக்கைத் தேடிப்போன அதே மனிதர். 1905 டிசம்பரில் அவர் பாஸ்டனில் பந்து விளையாடும்போது திடீரென்று இறந்தார். சில நாளிலேயே பைப்பர் 'ஹாட்ஜ்சனின்' செய்திகளைச் சொல்லத் தொடங்கினார். வில்லியம் ஜேம்ஸ் அவற்றை ஆராய்ந்து 1909-இல் எழுதிய அறிக்கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை.

ஐயம் ஒருவருடைய குணம் என்று நினைத்தால் இந்த வாழ்க்கை புரியாது. ஹாட்ஜ்சன் அடையாற்றில் சந்தேகித்ததும் பாஸ்டனில் நம்பியதும் ஒரே ஆளின் அறிவுதான். நண்பரை இழந்தவருக்கு நண்பரின் குரல் கேட்கும்போது, அன்னியரின் அலமாரியைப் பார்த்த கண்ணால் அதைப் பார்க்க முடியாது. அதனால்தான் விசாரிப்பவரின் நேர்மையை மட்டும் நம்பாத ஒரு விசாரணை முறை தேவைப்படுகிறது.

நம் பக்கத்தில் அந்த முறைக்கு உழைத்தவர்கள் இருவர் முக்கியமானவர்கள். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற முடியாத நிபந்தனைகளில் அமானுஷ்ய ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை யாரும் அந்தப் பரிசை வெல்லவில்லை. அவரால் ஊக்கம் பெற்ற பி. பிரேமானந்த், கோயம்புத்தூர் போத்தனூரிலிருந்து 'இந்தியன் ஸ்கெப்டிக்' இதழை நடத்தினார். வித்தைகளைக் கற்று, ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டி, செய்முறையை விளக்கினார். 2009-இல் மறைந்தார். வித்தைக்காரரைப் பிடிக்க வித்தை தெரிந்திருக்க வேண்டும் என்ற ஹாட்ஜ்சனின் பாடத்தை இந்தியாவில் வாழ்ந்து காட்டியவர் அவர். கோவூரின் அறைகூவலில் எனக்குப் பிடித்தது பரிசுத்தொகை இல்லை, நிபந்தனைகளை முன்கூட்டியே அறிவித்த முறை. சோதனை முடிந்தபின் விளக்கம் தேடுவதற்கு இடமில்லை. ஆனால் ஆற்றல் உண்டு என்பவர்கள் ஒன்று மோசடிக்காரர் அல்லது மனநோயாளி என்று அவர் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். டேவியின் சாட்சிகள் இரண்டுமில்லை. இரவில் அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது என்று சொல்லும் பெண்ணும் இரண்டுமில்லை. கனவு வரும் உறக்கத்தில் உடலின் தசைகளை மூளை செயலிழக்க வைக்கிறது. உடல் விடுபடுமுன் மனம் விழித்துவிட்டால் அசையவும் முடியாது, கத்தவும் முடியாது, மூச்சு அடைக்கும், அறையில் யாரோ நிற்பதாகத் தோன்றும். உறக்க வாதம் என்கிற இந்த நிலை நலமாக இருப்பவர்களுக்கும் வரும். அந்தப் பெண் பட்ட பயம் முழுக்க உண்மை.

இனி டிமாண்டி காலனிக்கு வரலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய வணிகர் ஜான் டி மாண்டி தன் சொத்துகளை மயிலாப்பூர்த் திருச்சபைக்கு விட்டுச் சென்றார். அந்தப் பெயரில் அமைந்த தெருவில் வீடுகள் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன. ஆளில்லாத வீடு, அடர்ந்த மரம், மங்கிய விளக்கு, போதாததற்கு ஒரு திரைப்படம். அங்கே போகும் இளைஞர்கள் இப்போது கருவிகளோடு போகிறார்கள். மின்காந்தப் புலத்தை அளக்கும் சிறிய மீட்டர் திடீரென்று மின்னினால் ஆவி வந்துவிட்டது என்கிறார்கள். அந்த மீட்டர் அளப்பது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் புலத்தை. சுவருக்குள் ஓடும் பழைய ஒயர், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் அதை மின்ன வைக்கும். கையில் இருக்கும் கைபேசியின் ரேடியோ அலையே சில மலிவான மீட்டர்களுக்குப் போதும். ஆவிக்கு மின்காந்தப் புலம் உண்டு என்று யாரும் எந்த ஆய்விலும் காட்டியதில்லை. கருவி துல்லியமாகவே அளக்கலாம், ஆனால் அந்த அளவுக்கும் கேள்விக்கும் தொடர்பே இல்லை.

இதே கண்டிப்பை ஐயவாதிகளின் விருப்பமான விளக்கத்தின் மேலும் காட்ட வேண்டும். 1998-இல் விக் டாண்டி என்ற ஆங்கிலப் பொறியாளர், தன் ஆய்வகத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்ததற்கு, மின்விசிறி ஒன்று எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அளவிலான, காதுக்கு எட்டாத ஒலிதான் காரணம் என்று எழுதினார். பேய் வீடுகளுக்கு அறிவியல் விளக்கம் கிடைத்துவிட்டது என்று உலகமே அதைக் கொண்டாடியது. இன்றும் பல தமிழ்க் கட்டுரைகள் அதை முடிந்த முடிவாகச் சொல்கின்றன. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் கிறிஸ் ஃபிரெஞ்ச் குழுவினர் ஒரு வெற்று அறையைக் கட்டி, அந்த ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் சிலருக்குச் செலுத்தியும் சிலருக்குச் செலுத்தாமலும், 79 பேரை ஒவ்வொருவராக அதில் 50 நிமிடம் இருக்கவைத்தார்கள். 2009-இல் வந்த முடிவின்படி, பலர் விநோத உணர்வுகளைச் சொன்னார்கள். ஆனால் ஒலியோ புலமோ இருந்ததற்கும் இல்லாததற்கும் அந்த உணர்வுகளோடு தொடர்பில்லை. விநோதமாக ஏதாவது நேரலாம் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரு நல்ல அறிவியல் விளக்கம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியும் ஒருவகை நம்பிக்கைதான், அதையும் அறையில் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது.

டிமாண்டி காலனிக்குப் போக விரும்புகிற தம்பி தங்கைகளைப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். பிறர் சொத்துக்குள் அனுமதியோடு நுழையுங்கள், அவ்வளவுதான். ஆனால் வைஸ்மன் குழுவினர் எடின்பரோ நிலவறைகளில் செய்த மாதிரி செய்யுங்கள். எந்த அறை பேர்போனது என்று தெரியாத ஆட்களை அழைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் அதே வயதுடைய, எந்தக் கதையும் இல்லாத ஒரு வீட்டையும் பட்டியலில் சேருங்கள். எது எந்த வீடு என்பதை உள்ளே போகிறவரும் அவரிடம் கேள்வி கேட்பவரும் அறியக் கூடாது. ஒவ்வொருவரும் தனியாக இருந்து, வெளியே வந்ததும் மற்றவரோடு பேசுமுன் தரைப்படத்தில் குறித்துவிட வேண்டும், எங்கே என்ன உணர்ந்தார் என்று. எத்தனை பேர் ஒத்துப்போனால் நம்புவீர்கள், எத்தனை பேர் ஒத்துப்போகாவிட்டால் கைவிடுவீர்கள் என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டு, இதில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். ஒன்றுமே நடக்காத இரவுகளின் ஒளிப்பதிவையும் வெட்டாமல் வைத்திருங்கள், கேட்பவர் யாராக இருந்தாலும் முழுசாகக் கொடுங்கள். எடின்பரோவில் பேர்போன நிலவறைகளில் உண்மையாகவே கூடுதலான விநோத உணர்வுகள் பதிவாயின, கதை தெரியாதவர்களுக்கும்கூட. அந்த உணர்வுகள் நிலவறையின் அளவோடும் வெளிச்சத்தோடும் பொருந்திப் போனதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆழ்வார்ப்பேட்டையில் என்ன கிடைக்கும் என்று இப்படி யாராவது செய்து பார்த்தால்தான் தெரியும்.